மூடியின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

இப்போது மட்டும் அவன் வந்து, 'என்னம்மா, கிடைச்சுதா?' என்று கேட்கட்டும். கேட்டுத்தான் பார்க்கட்டும். கையில் இருக்கிற ஸ்பானர் எங்கே போய் விழும் என்று எனக்கே தெரியாது. மூன்று நாள். மூன்று நாளாக இந்த எஞ்சினின் அடிவயிற்றில் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறேன். 'நீ கொஞ்சம் நிமிரு, நான் டார்ச் பிடிக்கிறேன்' என்று ஒரு வார்த்தை வந்ததா? கேள்வி மட்டும் மேலேயிருந்து வரும். கிடைச்சுதா, கிடைச்சுதா. நான் என்ன தொலைத்த கம்மலையா தேடிக்கொண்டிருக்கிறேன்?

"என்னம்மா, கிடைச்சுதா?"

எஞ்சின் அறையின் சதுரத் திறப்பில் அண்ணனின் முகம் தெரிந்தது. சவரம் செய்த பளிச்சென்ற முகம். சட்டைப் பையில் பேனா.

ஸ்பானர் அவள் கையை விட்டு எங்கும் போய் விழவில்லை.

"இன்னும் இல்லண்ணே," என்றாள்.

அவளுடைய குரல்தான் அவளுக்கு முதல் எதிரி. உள்ளே கொதிப்பதெல்லாம் தொண்டையைத் தாண்டி வருவதற்குள் ஆறிப்போய், யாரும் பயப்படத் தேவையில்லாத வெதுவெதுப்புக்கு வந்துவிடும். நாற்பத்தொரு வயதாகிறது. வீட்டில் யாரைக் கேட்டாலும், "அவளா? கோபம்னா என்னன்னே தெரியாது, தங்கம்" என்பார்கள். தங்கத்தை உருக்கிப் பார்த்தவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை.

"ஹோஸ் கிளிப்பா இருக்கும். நான் அன்னிக்கே சொன்னேன்."

"பதினாலு கிளிப்பையும் பார்த்தாச்சு."

"அப்போ தண்ணி பம்ப்."

"அதையும் பார்த்தாச்சு."

"சரி, மூக்கை வெச்சுத் தேடு. பின்ன எதுக்கு இருக்கு அது?" சிரித்துவிட்டு முகம் மறைந்தது.

மூக்கி என்பது அவளுக்கு அவன் வைத்த பெயர்தான். எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் எங்கேயாவது கசிந்தால் ஒரு தித்திப்பு வாசனை வரும். பழம் அழுகத் தொடங்குவதற்கு முதல் நாள் வருமே, அந்த வாசனை. பத்தடி தள்ளி நின்றே அவள் அதைப் பிடித்துவிடுவாள். படகுத்துறை முழுக்க அவள் மூக்கிதான். அது பாராட்டா கேலியா என்று இருபது வருடமாக யோசிக்கிறாள். இரண்டும்தான் போலிருக்கிறது, வேலை ஆக வேண்டியிருந்தால் பாராட்டு, ஆகிவிட்டால் கேலி.

துறையின் கடைசியில் இருந்த தகரக் கூரைதான் அவர்களுடைய ஒர்க்‌ஷாப். அதன் மாடியில் ஒரே அறை. அதில் அவள் குடியிருந்தாள். முகப்புப் பலகை 'பிரதர்ஸ்' என்று தொடங்கும். புதிதாக வருகிறவர்கள், "இன்னொரு பிரதர் எங்கே?" என்று கேட்பார்கள். இன்னொரு பிரதர் எஞ்சினுக்கு அடியில் இருப்பாள். பலகை எழுதிய அன்று, "பிரதர் அண்டு சிஸ்டர்னு போட்டா ஆஸ்பத்திரின்னு நினைச்சு காய்ச்சல்காரன் வந்து நிப்பான்" என்று அண்ணன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வாசலை அண்ணன் பார்த்துக்கொள்வான், எஞ்சினை அவள் பார்த்துக்கொள்வாள். ஆள் ஏற்றும் படகுகளின் எஞ்சினைச் சோதித்துக் கையெழுத்துப் போட உரிமம் வேண்டும். அந்தப் பரீட்சையை இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே பெஞ்சில் எழுதினார்கள். தேறியது அவள். அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது பேசினாலும், "அன்னிக்கு எனக்குத் தலைவலி" என்பான்.

இந்தப் படகு நாற்பது பேர் உட்காரும் படகு. திங்கட்கிழமை காலையிலிருந்து எதிர்க்கரைப் பள்ளிக்கும் ஆலைக்கும் ஆள் ஏற்றப் போகிறது. இன்று சனிக்கிழமை. எஞ்சின் ஒவ்வொரு நாளும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. எங்கே குடித்தது என்பதுதான் தெரியவில்லை.

படகு எஞ்சினுக்குள் இரண்டு தண்ணீர் ஓடும். ஒன்று உள்தண்ணீர். இளஞ்சிவப்புக் கூலன்ட் கலந்து, எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். மற்றது வெளித்தண்ணீர். ஆற்றிலிருந்து ஏறி, கூலர் என்கிற உருளைக்குள் நுழைந்து, உள்தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகைக்குழாய் வழியாகத் திரும்ப ஆற்றுக்கே போய்விடும். கூலருக்குள் இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் போகும். நடுவே சிகரெட் தாள் மாதிரி மெல்லிய குழாய்ச் சுவர். ஒரே வீட்டில் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் புழங்குகிற இரண்டு பேர் மாதிரி, கலக்காமல் இருக்கிறவரைக்கும் வண்டி ஓடும்.

முதல் நாள் அவள் உள்தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மீட்டரின் முள் பதினைந்தைத் தொடும்வரை காற்றடித்தாள். பத்தே நிமிடத்தில் முள் ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. கசிவு இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி நூலால் கட்டினாள். எங்கே கசிகிறதோ அங்கே காகிதம் சிவக்கும். இரண்டு நாள் காத்திருந்தாள். இருபத்திரண்டு காகிதங்களும் கல்யாண வேட்டி மாதிரி வெள்ளையாகவே இருந்தன. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தாள். எண்ணெய் தெளிவாக இருந்தது. தண்ணீர் அதிலும் கலக்கவில்லை. அடித்தட்டிலும் ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கூலருக்குள் இருக்க வேண்டும். அங்கே ஓட்டை விழுந்தால் உள்தண்ணீர் வெளித்தண்ணீரோடு சேர்ந்து ஆற்றுக்கே போய்விடும். தடயமே இருக்காது.

அதைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால், முறைப்படி இன்னொரு முறை காற்றடித்துப் பார்த்துவிடலாம் என்று மூன்றாம் நாள் காலையில் பம்பை எடுத்தாள். மூடி அசையவே மாட்டேன் என்றது. துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் திருகித்தான் கழற்ற வேண்டியிருந்தது. எரிச்சலில் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பதினைந்துவரை ஏற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐந்து நிமிடம். பதினைந்து.

பத்து நிமிடம். பதினைந்து.

அரை மணி நேரம் ஆகியும் முள், ஆணி அடித்தாற்போல் நின்றது.

அந்தச் சமயம் பார்த்து மறுபடியும் அண்ணனின் தலை. "நின்னுச்சா? நின்னுச்சில்ல? நான் சொல்லல? உன் மீட்டர்தான் கோளாறு. முதல் நாள் நீ சரியா மாட்டியிருக்க மாட்ட. நான் போய்ச் சோதனைத் தாளை எடுத்துட்டு வர்றேன்."

அவன் போன பிறகு அவள் அப்படியே குந்தியிருந்தாள். ஒருவேளை தப்பு நம்முடையதுதானோ? முதல் நாள் வாஷரைச் சரியாக உட்கார வைக்கவில்லையோ? இது அவளுக்குப் பழகிய பாதை. எதிரே இருக்கிறவன் கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும், தன் கண்ணால் பார்த்ததையே தன்னிடம் சாட்சி கேட்பாள். அதுவும் இல்லாமல், உள்ளே ஒரு மூலையில் நிம்மதிகூட எட்டிப் பார்த்தது. முடிந்தது, மேலே போய்க் குளிக்கலாம். அந்த நிம்மதியைப் பற்றிப் பிற்பாடு நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது.

பம்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திரும்பத் திருகினாள். மூடியின் மேலும் தொட்டியின் கழுத்திலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போடுவது அவள் வழக்கம். கையில் எடுக்கிற எந்த மூடிக்கும், எந்த போல்ட்டுக்கும் போடுவாள். இரண்டு கோடும் நேராக வந்தால் இறுக்கம் போதும். அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம், ரப்பர் நசுங்கிவிடும். கோடு கோட்டோடு வந்து நின்றது. விரலால் தட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் அது உறைத்தது. காலையில் கழற்றும்போது கோடு இங்கே இல்லை. ஒரு விரற்கடை தள்ளி, வலது பக்கம் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் மூடியவள் அவள். கோட்டோடு கோடாக மூடியவள். அதைத் திறந்து, வேறு யாரோ மூடியிருக்கிறார்கள். கோட்டைப் பற்றித் தெரியாதவன் இல்லை, தெரிந்தும் பொருட்படுத்தாதவன். எதை மூடினாலும் முழங்கை தெறிக்க இறுக்குகிறவன். ஊறுகாய் ஜாடியை அவன் மூடிவிட்டுப் போனால் அண்ணி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

மூடியை மறுபடி கழற்றி, கவிழ்த்துப் பார்த்தாள். ரப்பர் வளையத்தின் ஓரத்தில் பழுப்பாக, ஈரக் காப்பிப்பொடி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தாள். மணல் மாதிரி நறநறத்தது. நடுவே செம்புத் துகள்கள் மினுங்கின.

அடைப்புப் பொடி.

கடையில் டப்பாவில் விற்பார்கள். தண்ணீரில் கலந்து ஊற்றினால் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே போய் அடைத்துக்கொள்ளும். ஓட்டையோடு நிற்காது, மெல்லிய குழாய்களையும் அடைத்து வைக்கும். வீட்டுக்குள் திருடன் வருகிறான் என்று வாசலை மட்டுமல்ல, மூக்கையும் வாயையும் சேர்த்து அடைக்கிற வைத்தியம் அது. இந்த ஒர்க்‌ஷாப்பில் அது நுழையக்கூடாது என்று சொன்னவள் அவள். தலையாட்டியவன் அண்ணன்.

மூடியைக் கோட்டோடு திருகிவிட்டு மேலே ஏறி வந்தாள். தளத்தில் படகின் ஓட்டுநர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கயிற்று முனையைப் பின்னிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை வால்யூம் என்பார்கள். முப்பது வருடம் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டியதில் காது பாதி போய்விட்டது. ரகசியம் சொன்னாலும் எதிர்க்கரைக்குக் கேட்கும்.

"மாமா, காலையில நான் வர்றதுக்கு முன்னாடி யாராவது உள்ள இறங்கினாங்களா?"

"நான் ஒண்ணும் பார்க்கல!" துறையில் நின்ற நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு இறங்கினதைப் பார்க்கல?"

"உங்கண்ணன் இறங்கினதை!" சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தினார். இப்போது மூன்று பேர்தான் திரும்பினார்கள். "ஒரு டப்பா கொண்டு போனாரும்மா. என்னன்னு கேட்டேன். மருந்துன்னாரு. எஞ்சினுக்கு என்ன, காய்ச்சலான்னு கேட்க வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். என் பேரைச் சொல்லிடாதம்மா."

"சொல்ல மாட்டேன் மாமா." சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, துறைக்கே கேட்டிருக்கும்.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொடியை ஊற்றியதுகூடப் பெரிதில்லை. ஊற்றுவான், அவசரக்காரன். வாசலில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து அதற்கு எஞ்சினை வளைக்கிறவன். அது தெரிந்த கதை. ஆனால் ஊற்றிவிட்டு, வீட்டுக்குப் போய், சவரம் செய்து, சட்டை மாற்றி, ஒரு மணி நேரம் கழித்து வந்து, அந்தத் திறப்பில் தலையை நீட்டி, 'என்னம்மா, கிடைச்சுதா?' என்று கேட்டானே. மூக்கை வைத்துத் தேடு என்று சிரித்தானே. தான் ஒளித்து வைத்ததைத் தேடச் சொல்லி வேடிக்கை பார்த்தான். பிறகு, உன் மீட்டர் கோளாறு என்றான். அவளும், ஆமாம் போலிருக்கிறது என்று நினைத்தாள். அதுதான் தாங்கவில்லை. அவன் பொய் சொன்னது ஒரு பக்கம். அந்தப் பொய்க்கு அவள் உள்ளே போய் நாற்காலி எடுத்துப் போட்டாளே, அது.

கோபத்தில் கத்துகிறவர்கள் உண்டு, சாமான்களை எறிகிறவர்கள் உண்டு. அவளுக்குக் கோபம் வந்தால் கை நிதானமாகிவிடும்.

"மாமா, கயித்தை நல்லா இறுக்கிக் கட்டுங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கட்டினபடியே கியர்ல போடுங்க. முக்கால் மணி நேரம் உழைக்கட்டும்."

"படகு எங்கயும் போகாதேம்மா!"

"போக வேண்டாம். சூடானா போதும்."

குளிர்ந்த எஞ்சினில் பொடி கெட்டியாக உட்கார்ந்திருக்கும். சூடேறி, குழாய் விரிந்து, உள்ளே அழுத்தம் முட்டினால் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் என்று பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் படகு, கட்டிப்போட்ட மாடு மாதிரி கயிற்றை இழுத்துக்கொண்டு உறுமியது. அவள் வெப்பமானியைப் பார்த்தபடி நின்றாள். எப்போதும் நிற்கிற இடத்தைத் தாண்டி முள் இரண்டு கோடு மேலே போனது. குழாய்கள் இப்போதே அடைபடத் தொடங்கிவிட்டன.

எஞ்சினை நிறுத்தி, மூடியைத் தொடுகிற அளவுக்குச் சூடு இறங்கும்வரை பொறுத்திருந்தாள். படகின் அடியில் இருக்கும் வால்வைத் திருகி ஆற்றுத் தண்ணீர் ஏறாமல் அடைத்தாள். கூலரிலிருந்து வெளித்தண்ணீர் போகிற பருமனான ஹோஸைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்ததை வடித்து, வாயைத் துணியால் துடைத்து உலர்த்தினாள். அதற்குக் கீழே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை வைத்தாள். பிறகு பம்பைப் பொருத்திக் காற்றடித்தாள். பதினைந்து.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கூலரின் வாயையே பார்த்தாள். அடைபட்ட அறையில் காது இரைந்தது. முதுகில் வேர்வை இறங்கியது. முள் பதினான்குக்கு வந்தது. பதின்மூன்றரை.

வாசனைதான் முதலில் வந்தது. தித்திப்பாக, மெல்லியதாக. பிறகு கூலரின் கீழுதட்டில் ஏதோ திரண்டது. தயங்கித் தயங்கிக் கனத்து, விழுந்தது. வெள்ளை மூடியில் ஒரு பொட்டு. இளஞ்சிவப்பு.

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டும் உள்ளே பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

இன்னொரு சொட்டு. இன்னொன்று. அவள் சந்தோஷப்பட்டாள் என்று சொல்ல முடியாது. மூன்று நாளாக 'உனக்குப் பைத்தியம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்ட மாதிரி ஒரு அமைதி வந்தது. அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளுக்குள்ளேயே இருந்தவர்கள்.

"இன்னும் என்ன அடியில? முள்ளுதான் நின்னுச்சே!" அண்ணன் தாளோடு வந்துவிட்டான். பின்னாலேயே அண்ணி, சாப்பாட்டுத் தூக்கோடு. "எதுக்கு ஹோஸைக் கழட்டி வெச்சிருக்க?"

"கீழ வா அண்ணே."

"சட்டை அழுக்காகும். அங்கேருந்தே சொல்லு."

"இறங்கி வா."

குரலில் என்ன இருந்ததோ, இறங்கினான். மூன்று நாளில் முதல் தடவை என்று நினைத்து, உடனே தன்னைத் திருத்திக்கொண்டாள். இரண்டாம் தடவை.

வெள்ளை மூடியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பார்த்தான். இன்னொரு சொட்டு விழுவதையும் பார்த்தான்.

"சொட்டுதானே," என்றான்.

"காலையில இதுவும் இல்ல. ஏன் இல்லன்னு உனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா? வால்யூமா?"

"உன் கைதான் சொல்லிச்சு. கோட்டைத் தாண்டி ஒரு விரல் இறுக்கியிருக்க."

அண்ணன் தொட்டி மூடியைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், சிரித்தான். மாட்டிக்கொண்ட எல்லாத் தடவையும் சிரிக்கிற அதே சிரிப்பு. சின்ன வயதில் அவளுடைய பென்சில் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்ததும் இதுதான்.

"நல்லதுக்குத்தாம்மா பண்ணேன். மூணு நாளா நீ படற பாட்டைப் பார்க்கச் சகிக்கல."

"சகிக்கலைன்னா டார்ச் பிடிச்சிருக்கலாம்."

"சரி, விடு. கிடைச்சிடுச்சில்ல? கெட்டிக்காரி. புது கூலருக்குச் சொல்லிட்டேன், ரெண்டு வாரத்துல வந்துடும். நீயே உட்கார்ந்து மாட்டு. அதுவரைக்கும் தினம் காலையில தண்ணி ஊத்திக்கிட்டா தாராளமா ஓடும். இப்போ இதுல ஒரு கையெழுத்துப் போடு."

தாளை எஞ்சினின் மேல் வைத்தான். ஏற்கெனவே நிரப்பியிருந்தான். 'அழுத்தச் சோதனை: பதினைந்து. நேரம்: முப்பது நிமிடம். இறக்கம்: இல்லை.' எல்லாம் அவனுடைய அழகான கையெழுத்தில். கீழே ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது.

"அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல," என்றான். "முப்பது நிமிஷம் நின்னுச்சு. நான் சொல்லல, நீயே பார்த்த. உன் கண்ணால பார்த்ததுதான் எழுதியிருக்கு."

அதுதான் அவன் திறமை. உண்மையிலேயே அவள் பார்த்தாள். முள் நின்றதைப் பார்த்தவளும் அவள்தான், நிம்மதிப்பட்டவளும் அவள்தான்.

போன வருடமும் ஒரு தாள் இருந்தது. சின்னப் படகு, பன்னிரண்டு பேர் ஏறுவது. "நான் நல்லாப் பார்த்துட்டேன்மா, நீ போடு, உனக்கு ஜுரம், ஏன் இறங்கி ஏறணும்" என்று படுக்கைக்கே கொண்டுவந்தான். போட்டாள். ஒன்பதாம் நாள் நடு ஆற்றில் எஞ்சின் சூடேறி இறுகி நின்றுபோனது. படகு நீரோட்டத்தில் போய்ப் பாலத்தின் தூணில் மோதியது. ஒரு பெண்ணின் தோள்பட்டை எலும்பு உடைந்தது. விசாரணைக்கு வந்தவரிடம் அண்ணன் வாசலில் நின்று, "வேலையெல்லாம் தங்கச்சிதான் சார் பார்க்கும், நான் ஆபீசு மட்டும்தான்" என்றான். ஆறு மாதம் அவளுடைய உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள். அந்தப் பெண் திட்டவில்லை. "நீங்கதான் பார்த்தீங்களா அந்த எஞ்சினை?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் தப்பு. திரும்பி வந்துவிட்டாள். அண்ணன் இன்றுவரை அதை, "அந்த ராசியில்லாத படகு" என்றுதான் சொல்கிறான்.

"நடு ஆத்துல சூடு ஏறும் அண்ணே. இப்பவே ரெண்டு கோடு ஏறிடுச்சு. நீ ஊத்தினது குழாயையும் அடைக்குது."

"ஏறாது."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

அவன் முகம் மாறியது. "எத்தனை நாளைக்கு அதையே சொல்லிக் காட்டுவ? திங்கட்கிழமைன்னு நான் வாக்குக் கொடுத்தாச்சு. நாப்பது பேரு கரையில வந்து நிப்பாங்க. கடை பேரு என்ன ஆகும்? இது உன் கடையும்தானே?"

பலகையில் எங்கே இருக்கிறேன் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை, அதையும் அவன் வேடிக்கையாக்கிவிடுவான்.

மேலேயிருந்து அண்ணி குனிந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. அதனாலேயே அவள் சொல்வதை மறுப்பது கடினம். "என்னம்மா, ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு? அவரு மூணு நாளா சரியாத் தூங்கல. வெளியில போய் நிக்கறது அவருதானே, பாவம். ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வாம்மா, சாப்பாடு ஆறுது."

"நானும்தான் தூங்கல அண்ணி."

"உனக்கென்ன தங்கம், நீ எதையும் மனசுல வெச்சுக்க மாட்ட."

அண்ணி அன்பாகத்தான் சொன்னாள். கேட்டவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் அங்கேதான் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நாற்பது இருக்கைகள் தலைக்கு மேலே இருந்தன. திங்கட்கிழமை அவற்றில் பள்ளிப் பைகளும் தூக்குச் சட்டிகளும் இருக்கும். அவர்களில் யாரும் கீழே எட்டிப் பார்க்கப் போவதில்லை. யாரோ ஒருத்தி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று நம்பித்தான் ஏறுவார்கள். அந்த யாரோ ஒருத்தியை இந்தத் தாளில் தேடினால் கிடைக்கமாட்டாள். அண்ணனின் அழகான கையெழுத்துதான் கிடைக்கும்.

அண்ணன் பேனாவை எடுத்து நீட்டினான். குரல் இறங்கியிருந்தது. சத்தம் போடுவதைவிட இது ஆபத்தானது என்று அவளுக்குத் தெரியும். வாழ்க்கையில் அவள் விட்டுக்கொடுத்ததெல்லாம் இந்தக் குரலுக்குத்தான்.

"உன் அண்ணன் கேட்கறேன்மா. இந்த ஒரு தடவை."

அவள் கையைத் துணியில் துடைத்தாள். பேனாவை வாங்கினாள். அண்ணனின் தோள் தளர்ந்தது. மேலே அண்ணி தூக்கைத் திறக்கிற சத்தம் கேட்டது.

பேனாவின் பின்முனையில் செருகியிருந்த மூடியை எடுத்து, அழுந்தாமல் பொருத்தி, அவனுடைய சட்டைப் பையில், அது இருந்த இடத்திலேயே திரும்பக் குத்தினாள். வெள்ளைச் சட்டையில் அவளுடைய விரல் பட்ட இடம் கறுப்பாகியது.

"போட மாட்டேன் அண்ணே," என்றாள்.

கத்தவில்லை. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அண்ணன் ஏதோ சொல்லத் தொடங்கினான். மேலே பார்த்தான், தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் காத்திருக்கவில்லை. குனிந்து, கூலரின் முகப்பு மூடியில் முதல் போல்ட்டுக்கு ஸ்பானரைக் கொடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோ," என்றாள். "வெளிச்சத்தை மறைக்கிற."